சாம்பிள் மாத்திரை

நான் முதன்முதலாக எழுத்துக்கூட்டிப் படித்த ஆங்கில வார்த்தை ஒரு மாத்திரையின் பெயர். மூட்டுவலி மாத்திரை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தக் கம்பெனிக்கு நான் எதற்கு ஓசியில் விளம்பரம் செய்ய வேண்டும்? அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் அது தாராளமாகவே எழுதப்பட்டிருந்தது. சுவர்க் கடிகாரத்தில் இருந்தது, காலண்டரில் இருந்தது, என் ஸ்கேலிலும் பென்சில் டப்பாவிலும் இருந்தது, அப்பா குளித்துவிட்டுத் துவட்டும் துண்டின் ஓரத்தில்கூட இருந்தது. வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் அது எங்கள் குலதெய்வத்தின் பெயர் என்று நினைத்திருந்தால் தப்பே இல்லை.

எல்லாம் மாமா கொண்டுவந்தவை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மருந்துக் கம்பெனியில் ரெப்பாக இருந்தார். டாக்டர் டாக்டராகப் போய், எங்கள் கம்பெனி மாத்திரையை எழுதுங்கள் என்று கேட்கிற வேலை. குரங்கணிக்கு மேலே மலையில், எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அக்காவான என் அம்மாவின் கூலியில் எங்கள் ஊர் போடியில் கல்லூரி முடித்தவர். எங்கள் தெருவில் டை கட்டியவர்கள் என்றால் இங்கிலீஷ் மீடியம் பிள்ளைகள், அவர்களை விட்டால் மாமாதான். போடி வெயிலில் அந்த டை கழுத்தோடு ஒட்டிக் கிடக்கும். சாப்பிட உட்காரும்போதும் கழற்ற மாட்டார். "மாப்ளே, அந்தக் கயித்த அவுத்துட்டு உக்காருங்க, சோறு எறங்க வேணாமா" என்று அப்பா கேலி செய்வார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிடும். தம்பி டை கட்டி வருவதைப் பார்ப்பதற்காகவே அவள் சில நாள் வாசலில் நின்றிருக்கிறாள்.

அப்பாவுக்கு ஏலக்காய் வியாபாரி ஒருவரின் குடோனில் வேலை. மலையிலிருந்து வரும் மூட்டைகளைக் குத்தூசியால் குத்திக் காயை இழுத்து, அதில் விதையில்லாத பொக்கும் உடைசலும் போக நல்ல காயாகக் கவரில் போட்டு ஏலத்துக்கு அனுப்புவார். அதற்குச் சாம்பிள் என்று பெயர். வாங்குகிறவர்கள் அதைக் கையில் கொட்டி உருட்டி, உடைத்து, மோந்து பார்த்துத்தான் மூட்டைக்கு விலை சொல்வார்கள். ஏலம் முடிந்தபின் மீந்த சாம்பிள் கவர் எப்போதாவது எங்கள் வீட்டுக்கு வரும். ஊரே ஏலக்காயில் பிழைத்தாலும், உருண்டு திரண்ட பச்சைக் காயை எங்கள் வீட்டில் பார்ப்பது அந்தக் கவரில்தான். மற்ற நாளெல்லாம் பாயசத்துக்குப் பொக்குக் காய்தான். அம்மா சாம்பிள் காயைத் தனி டப்பாவில் போட்டு மூடி, பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் மட்டும் எடுப்பாள். காசு கொடுத்தாலும் நம்மால் வாங்க முடியாத முதல் தரத்துக்குச் சாம்பிள் என்று பெயர் என்பதுதான் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த அர்த்தம். எனக்கும் அப்படித்தான் தெரியும்.

அம்மாவும் அதே குடோனில் காய் பொறுக்கினாள். சிமெண்டுத் தரையில் காலை மடக்கி உட்கார்ந்து, சுளகை மடியில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அதே வேலை. வீட்டுக்கு வரும்போது ஏலக்காய் வாசனையோடுதான் வருவாள். அவள் தலையைத் தடவிவிட்டு என் கையை மோந்து பார்ப்பது எனக்கு ஒரு விளையாட்டு. அவளுடைய முழங்கால் போய்விட்டிருந்தது. எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, எதிரே யாரும் இல்லாவிட்டாலும் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். வலிக்கிறது என்று சொல்வதற்கு அவளுக்கு வெட்கம்.

அந்த மாத்திரை புதிதாக வந்த வருடம் மாமாவைச் சென்னையில் பெரிய ஓட்டலில் வைத்துப் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தவர் வேறு ஆளாக வந்தார். அங்கே ஒரு வெள்ளைக்காரக் கிழவி மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடுகிற படம் காட்டினார்களாம். "ஆடுறாக்கா, எந்திரிக்க முடியாமக் கெடந்தவ ஆடுறா. நான் கண்ணால பாத்தேன்" என்று அம்மாவிடம் சொன்னபோது மாமாவின் கண் கலங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் நம்பினார். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் எங்கள் சொந்தக்காரர்கள் அவரைப் பற்றி என்னென்னவோ பேசினார்கள்.

டாக்டரிடம் பேச வேண்டியதை மாமா எங்கள் வீட்டில்தான் ஒத்திகை பார்ப்பார். நான்தான் டாக்டர். "மருமகளே, மொகத்த உர்ருன்னு வெச்சுக்க. கடியாரத்தப் பாத்துக்கிட்டே இரு. நான் பேசப் பேசக் கொட்டாவி விடணும்" என்பார். நான் அப்பாவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொள்வேன். மாமா வழவழப்பான படக் காகிதத்தை என் முன்னால் விரித்து, பேனா முனையால் பெரிய எழுத்துகளைத் தொட்டுத் தொட்டு இங்கிலீஷில் பேசுவார். கடைசியில் நோயாளிகளுக்குச் சொல்வதற்கென்று கம்பெனியே தமிழில் எழுதிக் கொடுத்த மூன்று வரி வரும். வயிற்றைக் கடிக்காது. எத்தனை நாளும் எடுக்கலாம். நடையைத் திருப்பித் தரும். எனக்கு அது பாட்டு மாதிரி பாடமாகிவிட்டது. தெருவில் பாண்டி ஆடும்போது கட்டத்துக்கு ஒரு வரியாகச் சொல்லிக்கொண்டு தாண்டுவேன். அந்தக் காகிதத்தின் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்து நிறைய இருந்தது. ஒருநாள் டாக்டர் தோரணையில் அதில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டேன். மாமா ஒரு நிமிடம் குனிந்து பார்த்தார். "அது கம்பெனிச் சோலி. அத எந்த டாக்டரும் கேக்க மாட்டாரு" என்று காகிதத்தை மடித்துவிட்டார்.

எங்கள் டாக்டர் நல்ல மனிதர். கைராசிக்காரர். தேவாரத்திலிருந்தும் சிலமலையிலிருந்தும் பஸ்ஸைப் பிடித்து அவரிடம் வருவார்கள். இல்லாதவர்களிடம் கை நீட்ட மாட்டார். அம்மாவின் முழங்காலுக்கு அவர் முன்பெல்லாம் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்வார், காலை மடக்கி உட்காரக் கூடாது என்பார். மடக்கி உட்காராமல் எப்படிக் காய் பொறுக்குவது என்று அம்மா கேட்டால் மறுபடியும் உப்பு ஒத்தடத்தையே சொல்வார். அந்த மனிதருக்கும் பாவம், கையில் கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது என்று இப்போது தோன்றுகிறது. மாமா அதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் எங்கள் வீட்டில் இருந்த பெயர் டாக்டர் வீட்டுக்கும் குடியேறிவிட்டது. அவர் மேசையில் ரப்பரில் செய்த முழங்கால் பொம்மை வந்தது. நான் ஏறி நின்ற எடை மிஷினில் அதே பெயர் இருந்தது. மருத்துவ மாநாடு என்று கம்பெனி அவரையும் அவர் வீட்டம்மாவையும் ஏதோ ஒரு கடற்கரை ஊருக்கு ஏரோப்ளேனில் அழைத்துப்போனது. திரும்பி வந்ததும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு அவர் கையாலேயே சாக்லேட் கொடுத்தார். அந்தச் சாக்லேட்டைப் பற்றி எனக்கு இன்றும் குறை இல்லை, நன்றாகத்தான் இருந்தது.

அம்மாவை மாமாவே ஒருநாள் டாக்டரிடம் கூட்டிப்போனார். நானும் ஒட்டிக்கொண்டு போனேன். மற்ற நாளில் ரெப்களின் வரிசையில் பையோடு காத்து நிற்கிறவர், அன்றைக்கு நோயாளியின் தம்பியாக டாக்டருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். மாமாவுக்கு மனதுக்குள் ஏதோ ஒரு சின்னப் பயம் இருந்திருக்க வேண்டும். சொந்த அக்கா அல்லவா.

"சார், அக்காவுக்கு நம்ம மாத்திரைய ஆரம்பிக்கலாமா? நீங்க பாத்துச் சொன்னாத்தான் எனக்குத் தைரியம்" என்றார்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாருக்கேப்பா! நீங்க சொல்லித்தான் நானே ஊருக்கெல்லாம் எழுதிக்கிட்டு இருக்கேன். இப்ப என்னையக் கேக்குறீங்க!"

மாமா சிரித்தார். அம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். எதற்கு என்று தெரியாமல் நானும் சிரித்தேன். பிறகு டாக்டர் அம்மாவின் பக்கம் திரும்பி, பிரியமாக, நிதானமாகச் சொன்னார். "இந்தா பாரும்மா, வயித்தக் கடிக்காது. எத்தன நாளும் எடுக்கலாம். நடையத் திருப்பித் தரும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்து கேட்ட அதே மூன்று வரி! அவ்வளவு பெரிய டாக்டர் என் மாமா கொடுத்த பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்துவிட்டார். மேசைக்கு அடியில் மாமாவின் தொடையைக் கிள்ளினேன். அவருக்கும் வாயெல்லாம் பல். வீட்டுக்கு வந்ததும் அம்மா அப்பாவிடம் சொன்னாள்: "டாக்டரும் என் தம்பியும் சொல்லி வெச்ச மாதிரி ஒன்னு போலச் சொல்றாக. அப்பறம் என்ன யோசன?"

மாத்திரையைக் கடையில் வாங்க வேண்டிய அவசியமே வரவில்லை. டாக்டர்களுக்கு இலவசமாகக் கொடுக்கும் அட்டைகளை மாமா பையிலிருந்து அள்ளிக் கொடுத்தார். முதல் அட்டையை அப்பா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "டாக்டருக்குக் குடுக்குற சாம்பிள் மச்சான். விக்கக் கூடாதுன்னு போட்டுருக்கு" என்றார் மாமா. அப்பாவின் முகம் மலர்ந்தது. இருபது முப்பது மூட்டையைக் குத்திப் பார்த்து ஒரு கவர் சாம்பிள் எடுக்கிறவர் அல்லவா. "கேட்டியா? சாம்பிளாம்ல! கடையில விக்கிறதெல்லாம் பெறகு கலந்து கட்டி வர்ற சரக்கு. இதுதான் மொதத் தரம்" என்று அம்மாவிடம் விளக்கினார். மாமாவும் அதை மறுக்கவில்லை. அம்மா அந்த அட்டைகளை ஏலக்காய் டப்பாவுக்குப் பக்கத்தில் இன்னொரு டப்பாவில் வைத்தாள். அதிலிருந்து மாத்திரையை எடுக்கும்போதெல்லாம் அவளுக்குத் தம்பியை நினைத்து ஒரு பெருமை வரும்.

மாத்திரை வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அம்மா சுவரைப் பிடிக்காமல் எழுந்தாள். மாமா கொண்டுவந்து ஒட்டிய போஸ்டரில் அந்த வெள்ளைக்காரக் கிழவி பச்சைப் புல்லில் ஓடிக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் அம்மா அவளைப் பார்த்து, "இவளுக்கென்ன, காயா பொறுக்குனா?" என்பாள். இப்போது சாயங்காலம் வந்து மாத்திரையைப் போட்டுக்கொண்டு, "ஓடு ஓடு, நானும் வர்றேன்" என்று அவளோடு பேசுவாள். வலி கொஞ்சம் கூடுதலாக இருக்கிற நாளில் கூடுதலாக ஒன்று போட்டுக்கொள்வாள். அட்டை தீர்வதற்குள் மாமா அடுத்ததைக் கொண்டுவந்துவிடுவார். எதுவரை சாப்பிடுவது என்று யாரும் டாக்டரிடம் திரும்பப் போய்க் கேட்கவில்லை. எத்தனை நாளும் எடுக்கலாம் என்று அவர்தானே சொல்லியிருந்தார்.

அந்த வருடம் அம்மா பிறந்த எஸ்டேட்டில் மாரியம்மன் கொடைத் திருவிழாவுக்குப் போனோம். முழங்கால் கெட்டபிறகு அவள் அந்த மலையில் ஏறவே இல்லை. குரங்கணி வரைக்கும் ஜீப்பில் போய், அங்கிருந்து ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். அப்பாவும் நானும் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வர, அம்மா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். வளைவில் காணாமல் போய்விடுவாள், நாங்கள் திரும்பினால் அடுத்த வளைவில் பாறைமேல் உட்கார்ந்து, "வெரசா வாங்க, என்னத்த நடக்குறீக" என்று எங்களைக் கேலி செய்வாள். அவள் மடியில் மாத்திரை அட்டை இருந்தது. நடுவழியில் ஓடைத் தண்ணீரைக் கையில் அள்ளி விழுங்கினாள். மேலே போனதும் லயத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள், அவள் பிறந்த அறையின் கதவைத் திறந்து காட்டினார்கள். கும்மியடிக்கிற கூட்டத்தில் அம்மாவும் சேர்ந்துகொண்டாள். என் அம்மா குனிந்து நிமிர்ந்து கும்மியடித்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். அவளை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த முகம்தான், அதற்காக அந்த மாத்திரைக்கு நன்றி சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை.

இறங்கி வந்தபிறகு கால் வீங்கியது. மலை ஏறி இறங்கிய வீக்கம் என்றார்கள். லயத்தில் யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். வீக்கத்துக்கும் அதே மாத்திரையைத்தான் போட்டுக்கொண்டாள். பிறகு முகம் வீங்கியது. சோற்றைக் கண்டால் குமட்டியது, ஏலக்காய் வாசனையே ஆகவில்லை. டாக்டரிடம் போனபோது அவர் சிரிக்கவில்லை. காலை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். பிறகு அப்பாவை வெளியே அழைத்துப் போய், "இன்னைக்கே மதுரைக்குக் கெளம்புங்க" என்றார். அன்றைக்கு எனக்குச் சாக்லேட் கொடுக்க அவர் மறந்துவிட்டார்.

மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி. அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், சின்ன வயது. அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போயிருக்கிறது, வலி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா சட்டைப் பையிலிருந்து ஏலக்காய் சாம்பிள் கவர் ஒன்றை எடுத்து, அதில் பத்திரமாகப் போட்டுக் கொண்டுவந்திருந்த அட்டைகளை மேசையில் வைத்தார்.

"கடையில வாங்குன சரக்கு இல்லம்மா. பூராம் சாம்பிளு" என்றார்.

அந்த டாக்டர் அட்டைகளைக் கையில் எடுத்துப் பார்த்தார். எத்தனை மாதமாக என்று கேட்டார். அப்பா சொன்னதும் எழுத ஆரம்பித்தார். அவர் எழுதிய பேனாவில் வேறொரு மாத்திரையின் பெயர் இருந்தது. நான் அதை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன்.

அம்மா போடிக்கு ஆம்புலன்சில்தான் திரும்பி வந்தாள். எங்கள் ஊர் டாக்டர் மாலையோடு வந்து வெகுநேரம் வெயிலில் நின்றார். அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் எனக்குக் காய்ச்சல் என்று போனபோது அவர் மேசையில் முழங்கால் பொம்மை இல்லை, பச்சை நிறத்தில் ஒரு நுரையீரல் பொம்மை இருந்தது. மாமா அந்த வேலையை விட்டுவிட்டு மலைக்குப் போய் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாகச் சேர்ந்தார். இன்றுவரைக்கும் காய்ச்சலுக்குக்கூட ஒரு மாத்திரை போட மாட்டார், கஷாயத்தைக் குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டு கிடப்பார். எங்கள் வீட்டுக் கடிகாரத்தை அப்பா கழற்றிவிட்டார். அது மாட்டியிருந்த இடத்தில் சுவர் வட்டமாக வெளுத்துக் கிடந்தது.

ஆனால் எனக்குள் ஆறாமல் இருப்பது அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நடந்த ஒன்றுதான்.

சேதி கேள்விப்பட்டு மாமா வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தார். டை கழுத்தில் இருந்தது, பை கையில் இருந்தது. பெண் டாக்டர் சொன்னதை அப்பா அவரிடம் வராந்தாவிலேயே சொல்லிவிட்டிருந்தார். அம்மா கட்டிலில் கிடந்தாள். முகம் ஊதிப்போய், யாரோ மாதிரி இருந்தாள். மாமா கட்டிலின் கால்மாட்டில் நின்றார். கிட்டே வரவில்லை. டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மா அதைப் பார்த்துவிட்டாள். சின்ன வயதில் கீழே விழுந்த தம்பியைத் தூக்கிவிடுகிறவள் போல, வீங்கின கையை நீட்டி அவரை அழைத்தாள்.

"ஏண்டா தம்பி அழுகுற? நீ என்னடா செய்வ? நீ ஒசந்த சாம்பிளாத்தானடா எனக்குக் கொண்டாந்து குடுத்த. என் ஒடம்பு அதுக்குக் குடுத்து வெக்கல."

மாமா பையைத் தரையில் போட்டார். திரும்பி வார்டைத் தாண்டி வெளியே ஓடினார். பையிலிருந்து பேனாக்களும் அட்டைகளும் சரிந்து கட்டிலுக்கு அடியில் போயின. எனக்குக் காலையிலிருந்து பசி. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு டீக்கடை இருப்பதை வரும்போதே பார்த்து வைத்திருந்தேன். மாமா டீ வாங்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்து, நானும் வார்டு வாசல் வரைக்கும் ஓடிப்போய்க் கத்தினேன்.

"மாமா, எனக்கு ஒரு பன்னும் கொண்டாங்க!"